பழைய பஸ், டிராம் டிக்கெட் சேகரிப்பு: தேடுவது முதல் ஆல்பத்தில் வைப்பது வரை

திருவல்லிக்கேணி நடைபாதையில் வாங்கிய ஒரு பழைய பாடப் புத்தகத்துக்குள்தான் என் முதல் பல்லவன் (சென்னையின் அன்றைய அரசுப் போக்குவரத்துக் கழகம்) டிக்கெட் கிடைத்தது. இரண்டு விரல் அகலம், வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தாள், மங்கிப்போன பச்சை, 40 பைசா. யாரோ அதைப் பக்க அடையாளத்துக்கு வைத்திருக்கிறார்கள். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பேனாவில் 4.60 என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. ஐந்து ரூபாய் நோட்டு கொடுத்தவருக்குக் கண்டக்டர் தர வேண்டிய மீதி. சில்லறையைக் கொடுத்தபிறகு கண்டக்டர்கள் அந்த எண்ணை அடித்துவிடுவது வழக்கம், இதில் அடிக்கவில்லை. அந்த மனிதர் சில்லறையை வாங்காமலேயே இறங்கியிருக்கலாம். 40 பைசா டிக்கெட் காலத்தில் 4 ரூபாய் 60 காசு என்பது சின்னத் தொகை இல்லை, அன்று வீட்டுக்குப் போய் எவ்வளவு நேரம் வருத்தப்பட்டாரோ.

அன்றைக்கு எனக்குப் பிடிபட்ட விஷயம்தான் இந்த வழிகாட்டி முழுக்க வரப்போகிறது. டிக்கெட்டைச் சேர்ப்பதை விட அதைப் படிக்கத் தெரிய வேண்டும். முன்பக்கம் கழகம் அச்சடித்தது, பின்பக்கமும் மடிப்பும் கிழிசலும் பயணி எழுதியது. இரண்டையும் காப்பாற்றினால்தான் அது சேகரிப்பு.

முதலில் எல்லை போடுங்கள்

எல்லா டிக்கெட்டையும் சேர்க்கிறேன் என்று இறங்கினால் ஆறு மாதத்தில் ஒரு மூட்டை சேரும், எதுவும் புரியாது. ஒரு ஊர், அல்லது ஒரு கழகம், அல்லது ஒரு காலம் என்று பிடித்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்வது, தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் பழைய பெயர்களில் தொடங்குங்கள் என்பதுதான். 1972-ல் சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன், கும்பகோணத்துக்குச் சோழன் என்று வந்தன. பிறகு நெல்லைக்குக் கட்டபொம்மன், நாகர்கோவிலுக்கு நேசமணி, ஈரோட்டுக்கு ஜீவா, திருச்சிக்குத் தீரன் சின்னமலை என்று வரிசை நீண்டது. 1997-ல் எல்லாத் தலைவர்கள் பெயரையும் அரசு எடுத்துவிட்டது. ஆக ஒரு பெயருக்கு ஒரு டிக்கெட் என்று சேர்த்தாலே இருபத்தைந்து ஆண்டு வரலாறு கையில் இருக்கும். இதில் டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகத்தை மட்டும் கண்ணில் பட்டதும் விடாதீர்கள். 1994-ல் பல்லவனிலிருந்து பிரிந்தது, 1997-ல் பெயர் போய்விட்டது. மூன்றே ஆண்டு.

நிறத்தை வைத்துச் சேர்ப்பவர்கள் உண்டு, எண்ணை வைத்துச் சேர்ப்பவர்களும் உண்டு. ரஷ்யாவில் ஆறு இலக்க எண்ணின் முதல் மூன்றின் கூட்டுத்தொகையும் கடைசி மூன்றின் கூட்டுத்தொகையும் ஒன்றாக வந்தால் அதிர்ஷ்ட டிக்கெட் என்று சொல்வார்கள், சிலர் அதை வாயில் போட்டு மென்றும் விடுவார்களாம். பத்து லட்சம் எண்களில் 55,252 அப்படி வரும், அதாவது சுமார் பதினெட்டுக்கு ஒன்று. உங்கள் பெட்டியில் இருப்பதை இப்போதே எண்ணிப் பார்க்கலாம்.

எங்கே தேடுவது

பழைய டிக்கெட் டிக்கெட்டாக விற்பனைக்கு வருவது குறைவு. வேறு ஏதாவதுக்குள் ஒளிந்துகொண்டுதான் வரும். அதனால் முதல் இடம் உங்கள் வீடுதான். அலமாரித் தட்டில் விரித்த பழைய செய்தித்தாளுக்கு அடியில், தாத்தாவின் சட்டைப்பையில், பாட்டியின் சுருக்குப் பையில், பழைய டயரிகளில், பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸில், கம்பியில் குத்தி வைத்த ரசீதுகளுக்கு நடுவில் பாருங்கள். அப்புறம் பழைய புத்தகக் கடைகள். சென்னையில் மூர் மார்க்கெட், திருவல்லிக்கேணி பாரதி சாலை, மயிலாப்பூர் லஸ் முனை, மற்ற ஊர்களில் பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைகள். புத்தகத்தின் முதுகைப் பிடித்துக் குலுக்காதீர்கள், மெல்லிய தாள் தையலோரத்தில் சிக்கிக் கிழியும். பக்கங்களை விரலால் சரசரவென்று ஓட்டிப் பாருங்கள், டிக்கெட் இருக்கும் இடத்தில் ஓட்டம் தானாக நிற்கும்.

பழைய பேப்பர் கடைக்காரரிடம் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகங்கள் பழைய பயணப்படி பில்களைக் கழித்துப் போடும்போது, பில்லோடு குண்டூசியில் குத்திய டிக்கெட்டுகளும் வரும். இவற்றுக்கு ஒரு பெரிய மதிப்பு இருக்கிறது: பில்லில் தேதி, எங்கிருந்து எங்கே, எதற்காக என்று எல்லாம் எழுதியிருக்கும். கட்டிலிருந்து கையால் கிழித்துக் கொடுத்த பழைய டிக்கெட்டில் பெரும்பாலும் தேதியே கிடையாது என்பதால் இப்படி ஒரு பில்லோடு வருவது தங்கம் மாதிரி. டிக்கெட்டை மட்டும் பிய்த்துக்கொண்டு வராதீர்கள், பில்லையும் சேர்த்தே வாங்குங்கள்.

நாணயம், தபால்தலைக் கண்காட்சிகளில் மேசைக்கு அடியில் கிடக்கும் சில்லறைக் காகிதப் பெட்டியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஓய்வுபெற்ற கண்டக்டர்களைப் பார்த்துப் பேசுங்கள். டிக்கெட் கிடைக்காவிட்டாலும் எந்தத் தொகைக்கு எந்த நிறம், ஸ்டேஜை (கட்டணம் கணக்கிடும் நிறுத்தத்தை) எப்படிக் குறித்தார்கள், வே பில்லில் (கண்டக்டரின் பயணக் கணக்குத் தாளில்) என்ன எழுதினார்கள் என்று அவர்கள் சொல்வது எந்த நூலகத்திலும் இருக்காது. அனுமதி கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்கிறேன். புழக்கத்தில் இருக்கும் டிக்கெட்டின் கிழிக்காத முழுக் கட்டை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். கண்டக்டருக்கு அது பணம், ஒரு சீட்டு குறைந்தாலும் அவர் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். பெயர் ஒழிந்துபோன கழகத்தின் மிச்சக் கட்டு என்றாலும் எப்படி வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு வாங்குங்கள்.

டிக்கெட்டைப் படிப்பது

மேசை விளக்கு ஒன்று, பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்று. இவ்வளவு போதும்.

முதலில் கழகத்தின் பெயர். மேலே சொன்ன ஆண்டுகளை வைத்து காலத்தின் இரு கரையையும் போட்டுவிடலாம். பல்லவன் என்று இருந்தால் 1972-க்கும் 1997-க்கும் நடுவில். ‘மாநகர்’ என்று இருந்தால் 1997-க்குப் பிறகு. மெட்ராஸ் மாநிலம் என்று இருந்தால் 1969 ஜனவரியில் தமிழ்நாடு என்று பெயர் மாறுவதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு எச்சரிக்கை, பெயர் மாறிய மறுநாளே பழைய கட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட மாட்டார்கள், தீரும் வரை ஓட்டுவார்கள், சில சமயம் மேலே ரப்பர் முத்திரை குத்தியும் ஓட்டுவார்கள். அந்த முத்திரை விழுந்தவை தனி அழகு, கிடைத்தால் விடாதீர்கள்.

அடுத்தது காசு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இந்தியாவில் 1957 ஏப்ரல் 1 வரை ரூபாய்க்கு 16 அணா. அன்றிலிருந்து ரூபாய்க்கு 100 நயா பைசா. 1964 ஜூன் 1-ல் ‘நயா’ போய் வெறும் பைசா ஆனது. சென்னையில் 1895-ல் தொடங்கிய டிராம் 1953 ஏப்ரலில் நின்றுவிட்டது. அதனால் சென்னை டிராம் டிக்கெட் என்று சொல்லி நயா பைசாக் கட்டணம் போட்ட ஒன்றை யாராவது உங்களிடம் நீட்டினால் பதில் சொல்லாமல் நகர்ந்துவிடலாம், அணாக் கணக்கில்தான் அது இருக்க முடியும். பம்பாய் டிராம் 1964 மார்ச் 31 வரை ஓடியது, ஆகவே நயா பைசா போட்ட பம்பாய் டிராம் டிக்கெட் அந்த ஏழு ஆண்டுக்குள் அடங்கிவிடும். கல்கத்தா டிராம் இந்த மூன்று காசையும் பார்த்தது. இலங்கையில் இந்த வித்தை செல்லாது, அங்கே 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே சதக் கணக்குதான். அங்கே நிறுவனத்தின் பெயரைத்தான் பிடிக்க வேண்டும்: இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) என்றால் 1958-லிருந்து, கொழும்பு டிராலிபஸ் என்றால் 1953-லிருந்து 1964-க்குள்.

கட்டணத் தொகையும் காலம் சொல்லும். நம் ஊரில் 2018 ஜனவரி 20-ல் கட்டணம் ஏறியது, எதிர்ப்பு வலுத்ததும் 29-ஆம் தேதியிலிருந்து கொஞ்சம் குறைத்தார்கள். நடுவில் ஒன்பது நாள். அந்த நாட்களின் டிக்கெட்டை எத்தனை பேர் எடுத்து வைத்திருப்பார்கள்? கல்கத்தாவில் 1953-ல் இரண்டாம் வகுப்பு டிராம் கட்டணத்தை ஒரே ஒரு பைசா (அணாவில் கால் பங்கான பழைய பைசா) ஏற்றியதற்கு நகரமே கொந்தளித்தது. அன்று அங்கே முன் பெட்டி மின்விசிறியோடு முதல் வகுப்பு, பின் பெட்டி இரண்டாம் வகுப்பு, இரண்டுக்கும் டிக்கெட் வேறு. அந்தக் காலத்து இரண்டாம் வகுப்புச் சீட்டு ஒன்று கிடைத்தால் அது வெறும் சீட்டு இல்லை, ஒரு போராட்டத்தின் சாட்சி.

ஓரத்தில் வரிசையாக இருக்கும் எண்கள் ஸ்டேஜ் எண்கள். ஏறிய அல்லது இறங்க வேண்டிய ஸ்டேஜில் கண்டக்டர் கிழித்தோ, பேனாவால் கோடிட்டோ, துளையிட்டோ விடுவார். துளை போட்டிருந்தால் அதன் வடிவத்தைப் பாருங்கள். பிரிட்டனிலிருந்து வந்த பெல் பஞ்ச் கருவி ஒவ்வொரு துளைக்கும் மணி அடிக்கும், வெட்டிய துண்டு கருவிக்குள்ளேயே தங்கும், சந்தேகம் வந்தால் அந்தத் துண்டுகளை எண்ணிக் கணக்குப் பார்க்கலாம். பம்பாயில் கண்டக்டர்கள் தகரப் பெட்டியில் டிக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டு பஞ்ச் கருவியை டிக்டிக் என்று தட்டிக்கொண்டே வருவதை அங்கே வாழ்ந்தவர்கள் இன்றும் சொல்வார்கள்.

கடைசியாகப் பின்பக்கம், மடிப்பு. நம் ஆட்கள் டிக்கெட்டை வாட்ச் பட்டைக்குள் சொருகுவார்கள், மோதிரத்துக்குள் சுருட்டி வைப்பார்கள், சுருட்டிக் காது குடைவார்கள். எல்லாமே தாளில் தழும்பாகத் தங்கியிருக்கும். நீளவாக்கில் இறுகச் சுருண்டு ஒரு முனை மட்டும் நைந்திருந்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பின்பக்கத்தில் மீதிச் சில்லறை, மளிகைக் கணக்கு, ஒரு முகவரி, எதுவாக இருந்தாலும் அழிக்காதீர்கள். மாசு மருவற்ற டிக்கெட்டை விட எழுத்து விழுந்த டிக்கெட்டுக்கு என் ஆல்பத்தில் முன்னிடம் கொடுக்கிறேன்.

டிரான்ஸ்ஃபர் டிக்கெட் என்பது

வெளிநாட்டு நண்பர்களோடு மாற்றிக்கொள்ளத் தொடங்கினால் இது கட்டாயம் வரும், அதனால் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் இரண்டு பஸ் மாறினால் இரண்டு டிக்கெட். அமெரிக்க, கனடிய நகரங்களில் முதல் வண்டியில் காசு கொடுத்துவிட்டு டிரான்ஸ்ஃபர் கேட்டு வாங்கினால், அதைக் காட்டி அடுத்த வண்டியில் காசில்லாமல் ஏற முடிந்தது. இதை யாரும் ஏமாற்றிப் பயன்படுத்தாமல் இருக்க அந்தச் சின்னத் தாளில் அவ்வளவு தகவலையும் திணித்தார்கள்: எந்தத் தடம், எந்தத் திசை, எந்த நாள், காலையா மாலையா, எத்தனை மணி வரை. நேரத்தைத் துளையிட்டுக் காட்டினார்கள், அல்லது அந்த மணிக்கு நேராகத் தாளைக் கிழித்துக் கொடுத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவின் முனி (அந்த நகரப் போக்குவரத்து நிறுவனம்) கொடுத்த பழைய டிரான்ஸ்ஃபர் இப்படிக் கிழிக்கும் வகைதான், செய்தித்தாள் மாதிரி மலிவான தாள், வண்ண வண்ணமாக இருக்கும்.

படிக்கும் முறை எளிது. பெரிய எழுத்தில் நிறுவனம் அல்லது தடம், அடுத்து தேதி, ஓரத்தில் மணி வரிசை. கீழ்ப்பகுதி குட்டையாக இருந்தால் குறை என்று நினைத்து ஒதுக்காதீர்கள், அது கண்டக்டர் கிழித்த நேரம். முழு நீளத்தில் இருப்பது யாருக்கும் கொடுக்கப்படாதது. எனக்குக் கிழிந்ததுதான் பிடிக்கும், யாரோ ஒருவர் அந்த மணிக்கு அந்த வண்டியிலிருந்து இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்திருந்தார் என்பது அதில்தான் இருக்கிறது. நேற்றைய டிரான்ஸ்ஃபரை இன்று காட்ட முடியாது என்பதால் மக்கள் உடனே எறிந்துவிடுவார்கள், அதனாலேயே லட்சக்கணக்கில் அச்சடித்தும் மிஞ்சியவை கொஞ்சம். செய்தித்தாள் வகைத் தாளில் அமிலம் அதிகம், நம் ஊர் வெயிலில் சீக்கிரம் பழுத்து நொறுங்கும், தனியாக வையுங்கள்.

சுத்தம் செய்வது, நேராக்குவது

முடிந்தவரை ஒன்றும் செய்யாதீர்கள். தூசி இருந்தால் மெல்லிய ஓவியத் தூரிகையால் தட்டிவிடுங்கள். ரப்பரால் தேய்க்காதீர்கள். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காமல், தாளுக்கும் ஊசிக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் சொருகி மெதுவாகக் கழற்றுங்கள்.

சுருண்ட டிக்கெட்டை அப்படியே விரித்தால் மடிப்பில் பிளந்துவிடும். ஒரு டிபன் பாக்ஸில் ஈரத் துணியை வைத்து அதன்மேல் ஒரு சல்லடைத் தட்டு, தட்டின் மேல் டிக்கெட், மூடி போட்டு அரை மணி நேரம். ஈரக்காற்று பட்டுத் தாள் இளகும், தண்ணீர் நேரடியாகப் படக் கூடாது. பிறகு இரண்டு மை ஒற்றும் தாளுக்கு நடுவில் வைத்து மேலே தடிமனான புத்தகங்களை அடுக்கி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். இஸ்திரிப் பெட்டி வேண்டவே வேண்டாம்.

தண்ணீரில் ஊறவைத்துப் பசையை எடுக்கலாம் என்று தபால்தலைக்காரர்கள் சொல்வார்கள். நானும் ஒருமுறை நோட்டில் ஒட்டியிருந்த அணாக் காலத்து டிக்கெட் ஒன்றைத் தண்ணீரில் மிதக்க விட்டேன். அதில் சாம்பல் நிறத்தில் ஒரு பென்சில் கோடு இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடு ஊதாவாக மாறி, கசிந்து, அரை நிமிடத்தில் பாதி டிக்கெட்டை நனைத்துவிட்டது. அது சாதாரணப் பென்சில் இல்லை, காப்பியிங் பென்சில். அழிக்க முடியாமல் இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் கணக்கு எழுதுகிறவர்கள் பயன்படுத்தியது, ஈரம் பட்டால் சாயமாகிவிடும். இன்னமும் அந்த ஊதாக் கறை என் ஆல்பத்தில் இருக்கிறது. பென்சில் குறி தெரிந்தால் டிபன் பாக்ஸ் முறையும் கூடாது, எதில் ஒட்டியிருக்கிறதோ அந்தத் தாளோடு அப்படியே வெட்டி வையுங்கள்.

எதில் வைப்பது

பிவிசி உறை வேண்டாம். கடையில் மலிவாகக் கிடைக்கும், கொஞ்சம் ஒட்டும் தன்மையோடு வாசனை வரும் உறைகள் பெரும்பாலும் அதுதான், சில ஆண்டில் மையை இழுத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். நாணய ஆல்பத்தின் சிறு அறைகள் பஸ் டிக்கெட்டுக்குச் சரியாகப் பொருந்தும், நீளமான டிரான்ஸ்ஃபருக்கு ரூபாய் நோட்டு ஆல்பம். பின்னால் அமிலமில்லாத வெள்ளைத் தாள் வைத்தால் நிறம் எடுப்பாகத் தெரியும், ஆனால் எழுத்து இருக்கும் டிக்கெட்டுக்கு வைக்காதீர்கள், இரண்டு பக்கமும் பார்க்கும்படி விடுங்கள். செல்லோடேப், கோந்து, ஸ்டேப்ளர் எதுவும் ஆகாது. லேமினேஷன் செய்வது டிக்கெட்டைக் கொல்வது, அதைத் திரும்ப எடுக்கவே முடியாது.

சென்னை மாதிரிக் கடலோர ஊரில் ஈரப்பதம்தான் எதிரி. வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் வைக்காதீர்கள், மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள். ராமபாணப் பூச்சிக்கு வீட்டில் காய்ந்த வேப்பிலை போடுவோம் இல்லையா, போடலாம், ஆனால் துணியில் கட்டி ஆல்பத்துக்கு வெளியே பெட்டிக்குள் போடுங்கள், இலை நேரடியாகத் தாளில் பட்டால் கறை விழும்.

மெஷின் டிக்கெட்டுக்கு வேறு விதி. கண்டக்டர் கையில் இருக்கும் கருவி தருவது வெப்பத்தாள். மை இல்லை, தாளின் மேல் இருக்கும் பூச்சு சூடு பட்டுக் கறுக்கிறது. வெயில், சூடு, பிளாஸ்டிக், கைக்கிரீம் எது பட்டாலும் வெளுத்துவிடும். தடம், நேரம், ஏறிய இடம், இறங்கும் இடம் எல்லாம் அச்சாகும் முதல் தலைமுறை டிக்கெட் இது, ஆனால் பத்தாண்டு நிற்குமா என்பது சந்தேகம். அதனால் வாங்கிய அன்றே ஸ்கேன் செய்யுங்கள், பிறகு காகித உறையில் இருட்டில் வையுங்கள். 2021-லிருந்து நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கொடுக்கும் கட்டணமில்லாச் சீட்டையும் சேர்த்து வையுங்கள். வீட்டில் அம்மாவோ அக்காவோ தினமும் கசக்கிப் போடுவார்கள், ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாற்பது ஆண்டு கழித்து அது எவ்வளவு பெரிய ஆவணம் என்று யோசித்துப் பாருங்கள்.

குறிப்பு எழுதுவது

இதைச் சோம்பேறித்தனத்தால் தள்ளிப் போடுகிறவர்கள்தான் அதிகம். கிடைத்த அன்றே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு எண், அந்த எண்ணை உறையின் மேல் எழுதுங்கள், டிக்கெட்டில் எழுதாதீர்கள். ஒரு நோட்டிலோ கணினியிலோ அந்த எண்ணுக்கு நேராகக் கழகம், தொகை, வரிசை எண், நிறம், குறி எந்த ஸ்டேஜில், பின்பக்க எழுத்து, எங்கே கிடைத்தது, எதற்குள் இருந்தது என்று வரும். ‘எதற்குள் இருந்தது’ என்பதை மறக்காதீர்கள். 1978-ல் அச்சான புத்தகத்துக்குள் இருந்த டிக்கெட் என்பது உறுதியான தேதி ஆகாது, ஆனால் நல்ல துப்பு. நானாக ஊகித்த தேதியைப் பென்சிலிலும், பில் மாதிரி ஆதாரம் உள்ள தேதியைப் பேனாவிலும் எழுதுவது என் பழக்கம். ஸ்கேன் செய்யும்போது அங்குலத்துக்கு 600 புள்ளி (600 dpi) அடர்த்தியில் இரண்டு பக்கமும், ஓரத்தில் ஒரு சின்ன அளவுகோல் வைத்து.

விலையும் மாற்றமும்

நிலையான விலை என்று ஒன்று கிடையாது. பல்லவன் காலத்துச் சாதாரண டிக்கெட்டுக்குப் பெரிய தொகை கேட்டால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள், கோடிக்கணக்கில் அச்சானவை, பொறுத்தால் கிடைக்கும். அணாக் கால டிராம் டிக்கெட்டுக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம், ஆனால் போலி பாருங்கள். உருப்பெருக்கியில் எழுத்தின் விளிம்பு வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தெரிந்தால் அது கணினி அச்சு. பழைய அச்சில் எழுத்து அழுந்தி, பின்பக்கம் விரலில் லேசாகத் தட்டுப்படும், வரிசை எண் பெரும்பாலும் கொஞ்சம் ஏறி இறங்கி நிற்கும்.

காசு கொடுத்து வாங்குவதை விட மாற்றிக்கொள்வதுதான் இதில் சுகம். பிரிட்டனில் டிரான்ஸ்போர்ட் டிக்கெட் சொசைட்டி என்று இதற்காகவே ஒரு சங்கம் இருக்கிறது, அங்கிருப்பவர்களுக்குத் தமிழ் எழுத்து போட்ட டிக்கெட் என்றால் ஆசை. ஒரே டிக்கெட்டில் பத்து சேர்ந்தால் இரண்டை வைத்துக்கொண்டு எட்டை அனுப்பலாம். அனுப்பும்போது டிக்கெட்டை உறையிலிட்டு, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, அட்டைகளை மட்டும் டேப் போட்டு ஒட்டுங்கள். கூடவே அதில் இருக்கும் தமிழ் எழுத்து என்ன சொல்கிறது, கழகத்தின் பெயர் யாருடையது, ஓரத்து எண் எதைக் குறிக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவர்களிடமும் அதையே கேளுங்கள். எனக்கு வந்த ஒரு டிரான்ஸ்ஃபரோடு, அந்தத் தடத்தில் பள்ளிக்குப் போன ஒருவர் எந்தத் திருப்பத்தில் வண்டி மாறுவார் என்று வரைந்து அனுப்பிய படமும் வந்தது, இரண்டையும் ஒரே உறையில்தான் வைத்திருக்கிறேன்.